டிக்... டிக்... எங்கே போயிற்று?

சென்ற வாரம் தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இதோடு விடுவாயா, இல்லை, அடுத்த வாரம் மோட்டார் காரைப் பிரித்துப் போடச் சொல்வாயா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்தார். எந்த வேளையில் சொன்னாரோ, வாக்குப் பலித்துவிட்டது. இந்த வாரம் மோட்டார் கார்தான்!

பயந்துகொண்டு தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள், சகோதரிகளே! கதாநாயகி எங்கும் போய்விட மாட்டாள். நான் சொல்லப்போகும் வித்தையில் பாதிக்கு, காதும் மூக்கும் இருந்தால் போதும். குழம்பு அடிப்பிடிக்கப் போகிறது என்பதைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே மூக்கால் கண்டுபிடிக்கிறோமே! குக்கரின் சத்தம் மாறினால், தண்ணீர் வற்றிவிட்டது என்று காதால் தெரிந்துகொள்கிறோமே! அதே காதும் மூக்கும்தான் இங்கேயும் வேண்டும்.

எங்கள் வீட்டு வண்டி 1954-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். 1948-ல் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட ரகம். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்ற இஞ்சினீயர் அமைத்தது. பிற்பாடு மினி காரை அமைத்தவரும் அவரே. பிரிட்டனில் செய்த கார்களில் பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுதான். 1971-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் எங்கள் தெருக் குழந்தைகளுக்கு இந்த மகிமை ஒன்றும் தெரியாது. அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆமை வண்டி'.

இந்த ஆமையை என் மாமனார் 1966-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். அத்தை - என் மாமியாரைத்தான் சொல்கிறேன் - புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் இந்த வண்டியும் வந்ததாம். அதிலிருந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் மாமாவின் பக்கத்து ஸீட் அவருடையது. மாமா போய் ஏழு வருஷம் ஆகிறது. அத்தைக்கு இப்போது கண் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைவரை அதே வண்டியில், அதே ஸீட்டில், ஒரு சவாரி போய் வருவார். எங்களிடம் ஏ.ஸி. வைத்த புதுக் கார் ஒன்றும் இருக்கிறது. "அதுல உட்கார்ந்தா அலமாரிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா" என்பார். பார்வை போன பிறகு அவருக்கு ஊர் என்பதே அந்தப் பழைய வண்டியின் சத்தமும், ஜன்னல் வழியாக வரும் காற்றும்தான்.

அந்த வண்டி மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிறன்று அடையாறு பாலத்தின் மேல் நின்றுவிட்டது. இருமல்காரன் மாதிரி இரண்டு உதறல் உதறிற்று. பிறகு மௌனம். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். வடம் பிடித்துத் தேர் இழுப்பது போலக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். சாவியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பெட்ரோல் பம்ப் போயிடுச்சு. கார்புரேட்டரும் போயிருக்கும். இஞ்சினை இறக்கிப் பார்க்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. இந்த ரக வண்டியில் கை வைத்துப் பழகியவர்களே இப்போது குறைவு.

எங்கள் வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். உதிரி பாகங்களுக்காகப் பழைய வண்டிகளை வாங்கும் ஒருவர் சனிக்கிழமை பணத்தோடு வருவதாகவும் ஏற்பாடு ஆகிவிட்டது. "அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார். இந்த மாதிரிப் பொறுப்பெல்லாம் யார் தலையில் வந்து இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

புதன்கிழமை இரவு, மோர் சாதம் பரிமாறிக்கொண்டே மென்று விழுங்கிச் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு, "ஏம்மா, சாவியைத் திருகினதும் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருமே, அன்னைக்குப் பாலத்து மேல மறுபடி சாவியைத் திருகினப்ப அது வரலையே? உங்க மாமா இருந்தா முதல்ல அதைத்தான் கேட்டிருப்பார்" என்றார்.

கண் தெரியாத கிழவி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கே மூலம். நாடி பிடித்துப் பார்க்காமலே 'ஆபரேஷன்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று எனக்குச் சுருக்கென்றது.

அந்த 'டிக்கு டிக்கு' என்ன என்று சொல்கிறேன். வண்டியின் வால் பக்கம் தாழ்வாகப் பெட்ரோல் டாங்கி இருக்கிறது. இஞ்சின் முன்னால், உயரத்தில் இருக்கிறது. கிணற்றிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் பெட்ரோல் பம்ப். எங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யு. என்ற மின்சார பம்ப். எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்த முதல் கார்புரேட்டரில் தோல் துருத்திதான் இருந்தது என்றால் பாருங்களேன்!

பம்ப்புக்குள்ளே உடுக்கைத் தோல் மாதிரி வட்டமாக ஒரு ஜவ்வு இருக்கிறது. டயாஃப்ரம் என்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஒரு காந்தம் அதைப் பின்னுக்கு இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடிந்ததும் 'பாயிண்ட்' எனப்படும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும். உடனே ஒரு ஸ்பிரிங் ஜவ்வை முன்னுக்குத் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். தள்ளி முடிந்ததும் பொட்டுகள் மறுபடி ஒட்டும், மறுபடி இழுப்பு. வாசல் காலிங் பெல் 'ட்ரிங்' என்று அடிக்கிறதே, அதே வித்தைதான். இது கொஞ்சம் நிதானமாக அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு 'டிக்'.

கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. மாடித் தொட்டி நிரம்பியதும் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதல்லவா? அதே போல இந்தக் கிண்ணத்திலும் ஒரு மிதவை இருக்கிறது. கிண்ணம் நிரம்பியதும் வழி அடைபடும். ஜவ்வு தள்ள முடியாமல் நிற்கும். பம்ப்பும் ஓய்ந்துவிடும். ஆகவே ஆரோக்கியமான பம்ப்பின் நாடி இதுதான்: சாவியைத் திருகியதும் முதலில் வேகமாக டிக் டிக் டிக், பிறகு மெதுவாக டிக்... டிக்...; பிறகு நிசப்தம்.

இனி வைத்தியம். வியாழக்கிழமை காலையில் வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும் நானும் பிளஸ் டூ படிக்கும் என் பையனும் வண்டியிடம் போனோம். அத்தை தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் பரீட்சை, டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்பது. சிரிக்காதீர்கள்! பழைய வண்டிகளில் முள் சொல்வதை நம்பக் கூடாது. சுத்தமான மரக் குச்சியை விட்டுப் பார்த்தோம். கால் டாங்கி இருந்தது. அதோடு, வண்டி எப்படி நின்றது என்பதையும் யோசிக்க வேண்டும். விளக்கை அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. உதறி, இருமி, மெல்ல உயிர் விட்டால் பெரும்பாலும் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டி இருமிற்று.

இரண்டாவது பரீட்சை, காது. இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருகிக் கேட்க வேண்டும். நிற்காமல் வேகமாக டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தால், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. டாங்கி காலியாகவோ, குழாயில் விரிசலோ இருக்கும். பம்ப் பேரில் குற்றமில்லை. இஞ்சின் ஓடாத போதும் சில வினாடிகளுக்கு ஒரு தடவை டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், எங்கேயோ கசிவு. அப்போது மூக்கைக் கூப்பிட வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியை எடுத்துவிட்டு, எங்கே ஈரம் என்று தேடுங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால்? அவசரப்பட்டு 'பம்ப் போயிற்று' என்று சொல்லக் கூடாது. கிண்ணம் நிரம்பியிருந்தாலும் சத்தம் வராது. மின்சாரம் வராவிட்டாலும் வராது. வழி அடைத்திருந்தாலும் வராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இந்த பம்ப் விஷயத்தில் ரொம்பப் பொருந்தும்.

எங்கள் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது பரீட்சை, மின்சாரம். பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் கம்பியைத் தொடுகிற இடத்தில் பொறி பறக்கலாம். பொறியும் பெட்ரோலும் சந்திக்கக் கூடாது. ஒரு 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு கம்பி. இதுதான் கருவி. ஒரு கம்பியை பம்ப்பில் மின்சார ஒயர் வந்து சேரும் முனையில் வைத்து, மற்றதை வண்டியின் உடம்பில் சுத்தமான இரும்பில் வைத்தோம். பல்பு எரிந்தது. ஆகவே மின்சாரம் வருகிறது. அடுத்து, அந்த இரண்டாவது கம்பியை மட்டும் பம்ப்பின் உடம்புக்கு மாற்றி வைத்தோம். அப்போதும் எரிந்தது. எரியாமல் இருந்தால், பம்ப்பிலிருந்து வண்டிக்குப் போகும் 'எர்த்' ஒயரில் துரு என்று அர்த்தம். பல பம்ப்புகள் அந்தத் துருவுக்காகவே அநியாயமாகக் குப்பைக்குப் போயிருக்கின்றன! உப்புத் தாள் போட்டுத் தேய்த்தால் போதும், பிழைத்துக்கொள்ளும்.

நான்காவது பரீட்சை, வழி அடைப்பு. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டரில் வந்து சேரும் குழாயைக் கழற்றி, நுனியை ஒரு தகர டப்பாவில் விட்டோம். பையன் சாவியைத் திருகினான். அப்போது டிக் டிக் என்று பெட்ரோல் பீச்சினால் பம்ப் சுகம்; மிதவைக் கிண்ணத்தில்தான் தூசி அடைத்திருக்கிறது. எங்களுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

ஐந்தாவது பரீட்சைக்கு நான் சமையலறைக்கு ஓடினேன். பருப்பு மத்தை எடுத்து வந்தேன். மரம் அல்லவா, பொறி பறக்காது. அதன் பிடியால் பம்ப்பின் மேல், கதவைத் தட்டுவது போல மெதுவாக இரண்டு தட்டு. டிக்... டிக்... டிக்... டிக்! டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் விழுந்தது. மறுபடி நின்றுவிட்டது.

தாழ்வாரத்திலிருந்து அத்தை, "அதோ! அதுதாம்மா! அதேதான்!" என்று எழுந்தே விட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் பையன், பெட்ரோல் வாசனை என்று நினைத்துக்கொண்டான், இருக்கட்டும்.

தட்டினால் விழித்துக்கொண்டு மறுபடி தூங்கும் பம்ப்புக்கு, பாயிண்ட் தேய்ந்துபோயிற்று என்று அர்த்தம். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பம்ப்பின் நுனியில் இருக்கும் கறுப்பு மூடியைத் திறந்து பார்த்தோம். இரண்டு பொட்டுகளும் கருகி, குழி விழுந்திருந்தன. அழுக்கு மட்டும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே கெட்டிக் காகிதத் துண்டை விட்டு இழுத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் ஜவ்வு சேரும் விளிம்பைச் சுற்றி ஈரமும் தெரிந்தது. விரலை வைத்து முகர்ந்தேன், பெட்ரோல். பொறி விடும் பொட்டுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் கசிவு! இதைச் சுத்தம் செய்து ஓட்டுவது, கிழிந்த காஸ் ட்யூபுக்கு பிளாஸ்திரி போட்டு அடுப்பு மூட்டுவது போலத்தான். பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக் பம்ப்பைச் சொன்னது சரிதான். ஆனால் இஞ்சினை இறக்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பதாயிரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருந்தது.

அந்த ஜவ்வு ஏன் வீணாயிற்று என்று கேட்பீர்கள். வயசு ஒரு காரணம். இன்னொன்று, இப்போது பங்கில் போடும் பெட்ரோல். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் எங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் சாராயம்தான் எத்தனால். பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. சில ரப்பர் ஊறிப் பருக்கும். சில காய்ந்து வெடிக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பம்ப்பின் ஜவ்வையும் ரப்பர் குழாய்களையும், எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக மாற்றிக்கொள்வது நல்லது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் மத்தும் கையுமாக எதிரே போய் நின்றேன். முதலில் மிரண்டார். பிறகு நாலு டிக் சத்தத்தைக் கேட்டார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். சனிக்கிழமை வந்தவரிடம், "இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

பம்ப்புக்காகப் புதுப்பேட்டை முழுவதும் சுற்றினார். கிடைத்தது ஒன்று, ஆனால் அது எங்கள் பம்ப்புக்கு அண்ணன் மாதிரி இருந்தது! இங்கிலாந்தில் எஸ்.யு. பம்ப்புகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அங்கேயே எழுதினோம். அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "உங்கள் வண்டியில் எர்த் பிளஸ்ஸா, மைனஸா?"

இந்தக் காலத்து வண்டிகளில் பாட்டரியின் மைனஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு இணைக்கிறார்கள். "மைனஸ் என்று எழுதிவிடு" என்றார் இவர். எனக்கு என்னவோ சந்தேகம். மாமா வண்டிக்கென்று வைத்திருந்த கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். என்றைக்கு எண்ணெய் மாற்றினார், என்றைக்கு டயர் வாங்கினார் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், சிவப்பு மசியில் கட்டம் கட்டி, 'பிளஸ் எர்த். மறக்காதே' என்று இருந்தது! பாட்டரியைப் பார்த்தோம், பிளஸ் முனையிலிருந்துதான் ஒயர் வண்டியின் உடம்புக்குப் போயிற்று. பழைய மோரிஸ் மைனர்களில் அப்படித்தான். பாயிண்ட் வைத்த பழைய மாதிரி பம்ப் என்றால் இதில் பொதுவாகத் தகராறு இல்லை. எலெக்ட்ரானிக் ரகத்தில் பிளஸ் மைனஸ் மாறினால், மாட்டிய அன்றே கருகிவிடக்கூடும். நோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு 'பிளஸ்' என்று எழுதினோம்.

பம்ப் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. மாட்டின கதையைச் சொல்கிறேன். முதலில் ஜாக்கிரதைகள், இதில் மட்டும் நான் கண்டிப்பான மாமியார்!

மூடின ஷெட்டில் செய்யக் கூடாது. வெட்டவெளியில், பகலில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அக்கம் பக்கத்தில் ஊதுவத்தி, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் ஆகாது. தூள் அடைத்த தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து, தீயைச் சுமந்துகொண்டு ஓடும். நைலான் புடைவை வேண்டாம். பருத்தி கட்டி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாட்டரி முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே ஒரு தங்க வளையல் பட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து கையைப் பொசுக்கிவிடும். மணல் வாளிக் காவல் உத்தியோகத்தை எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். மிகுந்த பொறுப்போடு பார்த்தார்!

பாட்டரியில் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். எங்கள் வண்டிக்கு அது பிளஸ். உங்கள் வண்டிக்கு மைனஸாக இருக்கலாம். எர்த் முனையில் வேலை செய்யும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டாலும் பொறி வராது. அதுதான் காரணம். மாட்டும்போது அதே முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

பிறகு பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து ஆவியை வெளியே விட்டு, மறுபடி மூடினோம். பம்ப்பின் கீழே டப்பாவையும் பழந்துணியையும் வைத்தோம். பிளாஸ்திரித் துண்டில் 'உள்ளே', 'வெளியே' என்று எழுதி இரண்டு குழாய்களிலும் ஒட்டினோம். கழற்றும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும், மாட்டும்போதுதான் மறந்துபோகும்! குழாய் மரையைக் கழற்ற இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று பம்ப் பக்கத்தை அசையாமல் பிடிக்க, மற்றது திருக. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் குழாய் முறுக்கிக்கொண்டு உடையும். 'உள்ளே' குழாயின் வாயைப் பென்சில் துண்டால் அடைத்தோம். ஒயர்களை விடுவித்து, பம்ப்பைத் தாங்கும் நட்டுகளைக் கழற்றியதும், அது கையோடு வந்துவிட்டது.

புது பம்ப்பை மாட்டும்போது பெட்ரோல் வெளியே போகும் வாய் மேல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சிக்கின காற்று தானே வெளியேறும். பழைய வாஷர்களைத் திருப்பிப் போடக் கூடாது. நாலணாச் சிக்கனம், வண்டிக்கு ஆபத்து. மரையைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி, சரியாகப் பிடித்ததா என்று பார்த்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது. பித்தளை மரை ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான். எர்த் ஒயர் சேரும் இடத்தை உப்புத் தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினோம். பழைய ரப்பர் குழாயையும் மாற்றினோம். டப்பாவில் விழுந்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள்! அதற்கென்று உள்ள மூடிய பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். நனைந்த துணிகளை வெளியே, நிழலில், விரித்துக் காய விடுங்கள்.

பாட்டரியை இணைத்தாயிற்று. பையன் சாவியைத் திருகினான். இஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

டிக் டிக் டிக் டிக் டிக்...

தாழ்வாரத்தில் அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். சத்தம் மெதுவாயிற்று. டிக்... டிக்... டிக்... பிறகு நின்றது. "நிரம்பிடுச்சு" என்றார் அத்தை.

உடனே கிளப்பிவிடவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தோம். ஐந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி ஒற்றினோம். ஈரம் இல்லை, வாசனை இல்லை. அதன் பிறகுதான் கிளப்பினோம். இரண்டாவது முயற்சியில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அதெல்லாம் சரி, எங்கள் வீட்டில் மோரிஸ் மைனர் இல்லையே!" என்கிறீர்களா? உங்களுக்கும் சொல்கிறேன். பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800 முதலிய வண்டிகளில் பம்ப்பை இஞ்சினே ஓட்டுகிறது. டிக் சத்தம் இராது. அதில் ஜவ்வு கிழிந்தால் பெட்ரோல் இஞ்சின் எண்ணெயில் போய்க் கலக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, எண்ணெய் மட்டமும் ஏறியிருந்தால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம். பம்ப்பை மாற்றி, எண்ணெயையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

இப்போது வரும் பெட்ரோல் வண்டிகளில் பம்ப் டாங்கிக்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது. சாவியைப் போட்டதும் பின் ஸீட் பக்கம் இரண்டு வினாடி 'உம்ம்' என்று வண்டு ரீங்காரம் போலக் கேட்கும். ஒரு நாள் வண்டி நன்றாக இருக்கும்போதே அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். என்றைக்காவது அது கேட்காவிட்டால், முதலில் ஃப்யூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்பை மாற்றுவது பிறகு. ஆனால் இதை வீட்டில் கழற்ற வேண்டாம். எங்கள் ஆமையில் பெட்ரோல் சொட்டும். இந்த வண்டிகளின் குழாயில் அழுத்தம் மிக அதிகம், கழற்றினால் முகத்தில் பீச்சும். நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. சிகிச்சை தெரிந்தவர் வேலை. இன்னொன்று: அந்த பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் முள் அடியைத் தொடும் வரை ஓட்டினால் பம்ப் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். கால் டாங்கிக்குக் குறையாமல் வைத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் போனோம். அடையாறு பாலத்தின் மேல் ஏறும்போது ஒருவரும் பேசவில்லை. பாலம் இறங்கியதும் அத்தை மெதுவாக, "இந்த பம்ப் கொஞ்சம் வேகமா அடிக்குது. புதுசு இல்லையா, பழகிடும்" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாமாவின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஏழு வருஷமாகக் காலியாகக் கிடந்த பக்கத்தில், தேதி போட்டு, 'புது பம்ப் மாட்டியது' என்று இவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே, 'கண்டுபிடித்தது: அம்மா'.

வீட்டில் எது பழுதானாலும், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள், சகோதரிகளே. வண்டியையும் கேளுங்கள், வண்டியோடு வாழ்ந்தவர்களையும் கேளுங்கள்.

அடுத்த வாரம் சமையலறைக்கே திரும்பிவிடுகிறேன். மத்து அங்கேதான் இருக்கிறது!